சுவரின் தாகம்

நூறு இலைக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுவார்கள். ஆனால், "ஒரு சிறிய அறைக்கு வர்ணம் பூச எத்தனை லிட்டர் வாங்குவது?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் சுவரைப் பார்ப்பார்கள். சுவர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சுண்ணாம்புக் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து அடித்துவிடுவார்கள். குறைந்தால் இன்னும் கொஞ்சம் கரைத்துக்கொள்ளலாம். மிஞ்சினால் கொல்லைச் சுவருக்கு ஆயிற்று. இப்பொழுதோ, நாம் காட்டிய நிறத்துக்கு ஏற்றபடி கடையில் இயந்திரத்தின் கீழ் டப்பாவை வைத்துச் சாயத்தைக் கலந்து தருகிறார்கள். அப்படிக் கலந்ததைக் கடைக்காரர் சாதாரணமாகத் திரும்ப வாங்குவதில்லை. குறைந்துபோய் மறுபடி கலக்கச் சொன்னாலோ, முன்னதற்கும் பின்னதற்கும் இம்மியளவு பேதம் நேர்ந்துவிடக் கூடும். சுவரின் நடுவே அது தழும்புபோல் தெரியும். ஆகவே, மிஞ்சினாலும் நஷ்டம், குறைந்தாலும் நஷ்டம்.

இவ்விரண்டையும்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு என்பது, நமது தாயாரின் அறைக்கு வர்ணம் பூச முற்பட்டபோது நமக்குப் புலனாயிற்று. கண்பார்வை மங்கிவரும் அவருக்கு அறை வெளிச்சமாக இருக்கவேண்டும் என்பதற்காக இளமஞ்சள் நிறம் என்று தீர்மானித்திருந்தோம். வர்ணம் பூச வந்த மேஸ்திரி நான்கு சுவர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏழு லிட்டர் வாங்கிடுங்க, ஐயா" என்றார். அவர் வாசல் தாண்டியதும் அடுத்த வீட்டு நண்பர் நம்மை அணுகி, "ஐந்து போதும் ஸார்! மீதி இரண்டும் எங்கே போகும் என்று உமக்குத் தெரியாதா?" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

நாம் இருவரில் எவரையும் நம்பவுமில்லை, சந்தேகிக்கவுமில்லை. அளவு நாடாவை எடுத்தோம்.

அறை 10 அடிக்கு 10 அடி. உயரமும் 10 அடி. நான்கு சுவர்களின் சுற்றளவு 40 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 400 சதுர அடி. கதவு 7 அடிக்கு 3 அடி, அதாவது 21. ஜன்னல் 4 அடிக்கு 4 அடி, அதாவது 16. இவை இரண்டையும் கழித்தால் 363. இரண்டு பூச்சு பூசவேண்டும் என்றால் 726 சதுர அடி. மேல்தளத்துக்கு வெள்ளை தனியே 2 லிட்டர் என்பதில் ஒருவருக்கும் தகராறு இல்லை.

லிட்டருக்கு, ஒரு பூச்சில், சுமார் 140 முதல் 160 சதுர அடி வரை வரும் என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருந்தது. 150 என்று வைத்துக்கொண்டு வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. ஆகா, நண்பர் ஜெயித்துவிட்டார் என்று நேயர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். டப்பா சொல்வது வழவழப்பான, பக்குவம் செய்த சுவரைப் பற்றி. நம் வீட்டுச் சுவர் அந்தச் சுவர்தானா?

பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளையின் தொகையைச் சொல்லக் 'கணக்கதிகாரம்' வழி வகுத்திருக்கிறது. சுவருக்கு முள் இல்லை. ஆனால் நமக்கு உள்ளங்கை இருக்கிறது. மறுநாள் மேஸ்திரியிடம் நாடாவின் மறுநுனியைக் கொடுத்து, கணக்கெழுதிய காகிதத்தையும் காட்டினோம். அவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மேற்குச் சுவரில் கையை அழுத்தி எடுத்து, நம் முகத்துக்கு நேரே விரித்தார். உள்ளங்கை முழுவதும் வெள்ளைப் பொடி. மற்ற மூன்று சுவர்களில் தேய்த்தபோது கை சுத்தமாக இருந்தது.

"இது பழைய சுண்ணாம்பு, ஐயா. வாங்குறதை எல்லாம் குடிச்சிடும்" என்றார்.

விஷயம் விளங்கியது. மூன்று சுவர்களும் சேர்ந்து, இரண்டு பூச்சுக்கு 526 சதுர அடி. லிட்டருக்கு 130 என்று கொண்டால் 4 லிட்டர். மேற்குச் சுவர் இரண்டு பூச்சுக்கு 200 சதுர அடி. அது லிட்டருக்கு 80-க்குமேல் தராது என்றார். அதற்கு இரண்டரை லிட்டர். ஆக ஆறரை, உருளையிலும் தட்டிலும் ஒட்டிக்கொள்வதையும் சேர்த்தால் ஏழு!

"சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு பிரைமர் பூசினால் தாகம் அடங்காதா?" என்று கேட்டோம்.

"அடங்கும், ஐயா. ஒரு லிட்டர் பிரைமர் போதும். வர்ணமும் ஆறு லிட்டரில் முடிஞ்சுடும். பின்னால உரிஞ்சும் வராது. ஆனா, பிரைமர்னு சொன்னாலே வீட்டுக்காரங்க, 'செலவு இழுத்து விடறான்' என்கிறாங்க. அதனாலேதான் ஏழுன்னு சொல்லிட்டேன்."

இந்தப் பதிலை நாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். அவர் ஏழு என்று சொன்னது வர்ணத்தைக் கொண்டுபோவதற்காக அல்ல. நாம் அவரைச் சந்தேகிப்போம் என்று அவர் சந்தேகித்ததால். எத்தனையோ வீடுகளில் அவருக்கு நேர்ந்த அனுபவம் நம் வீட்டு விலைப்பட்டியலில் ஒரு லிட்டராக ஏறியிருந்தது. நண்பரின் சொற்படி ஐந்து லிட்டர் மட்டும் வாங்கியிருந்தாலோ, தண்ணீரை விட்டு விட்டுத்தான் நீட்டியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் வர்ணத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பரப்பினால் 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 107 சதுர அடி வரும். கனத்தைக் குறைத்தால் பரப்பு கூடும். ஆனால் அடியிலுள்ள கறை எட்டிப் பார்க்கும். தண்ணீர் கலந்த பாலின் கணக்கே இதற்கும்.

ஆறு லிட்டரே வாங்கினோம்: 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் டப்பா இரண்டு. மூன்றையும் மேஸ்திரி ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டார். டப்பாவுக்கு டப்பா பேதம் இருந்தாலும் சுவரில் தெரியாதாம். வேலை முடிந்தபின் ஒரு சிறு போத்தல் அளவு மிஞ்சியது. அதை அவரே இறுக மூடி, நிறத்தின் எண்ணை மேலே எழுதி, "ஆணி அடிச்ச இடத்துக்கு ஆகும், அம்மா" என்று நமது தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வர்ணம் பூசப்போகும் நேயர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் தாங்களே அளந்துகொள்ளட்டும். அது யாருக்கும் வரும். ஆனால் நாடாவின் மறுநுனியை வேலைக்காரர் கையில் கொடுத்து, காகிதத்தை அவர் பார்க்கும்படி வைத்து, "இந்தச் சுவர் எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டபிறகே கடைக்குப் போகவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.