காசிமேடும் பார்க்கல, மாலும் பார்க்கல: ஒரு பாட்டுக் கச்சேரிக்காக நாங்கள் போன மெட்ராஸ் டூர்

2018 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு நாங்கள் நான்கு பேர் மெட்ராஸ் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். திண்டிவனம் பக்கத்துக் காலனியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் செட் நாங்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். வீட்டில் சொன்ன காரணம் டூர். மெரினா, வண்டலூர் ஜூ, காசிமேடு, ஏதாவது ஒரு பெரிய மால் என்று நோட்டில் பட்டியல்கூட போட்டிருந்தோம். உண்மையான காரணம் ஜனவரி 6, சனிக்கிழமை மாலை. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. டிக்கெட் கிடையாது.

அவர்கள் பாடி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. 'அட்டகத்தி' கானா பாட்டுகளைப் போனில் தேய்த்தவர்கள் நாங்கள். கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில், அதுவும் 'சாதியற்ற' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்ததும், பாட்டைக் கேட்காமலேயே ரசிகர்கள் ஆகிவிட்டோம்.

கிளம்பும்போதே சோதனை. ஜனவரி 4 மாலையிலிருந்து அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். பஸ் ஓடவில்லை. ஊரில் டீக்கடை டிவியில் பீமா கோரேகான் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி 1-ஆம் தேதி நினைவுத்தூணுக்குப் போன நம் மக்கள்மீது கல்லெறி, 3-ஆம் தேதி மகாராஷ்டிரா முழுக்க கடையடைப்பு. "இந்த நேரத்துல கூட்டத்துக்குலாம் போவாதீங்க" என்றார்கள் வீட்டில். கூட்டமில்லை, பாட்டுக் கச்சேரி என்று சொல்லிவிட்டு, விழுப்புரம் – தாம்பரம் பாசஞ்சரைப் பிடித்தோம். நிற்க இடமில்லை. மதுராந்தகம் ஏரியைக் கழிவறைக் கதவோரம் நின்றுதான் பார்த்தோம். அந்த மதுராந்தகம் பக்கத்தில்தான் கோழியாளம் இருக்கிறது, 1859-இல் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர் அது, அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அவர் என்பதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ஏரியை மட்டும் போட்டோ எடுத்தோம்.

தங்கியது பெரும்பாக்கத்தில், எங்களில் ஒருவனின் பெரியம்மா வீட்டில். தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம், அங்கிருந்து இன்னொன்று. எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. பெரியம்மா குடும்பம் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களோடு சேர்த்து இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பெரியம்மா இன்னமும் வீட்டு வேலைக்குச் சைதாப்பேட்டைக்கே போய் வருகிறார். காலையில் 5 மணிக்கு எழுந்து கிளம்பினால்தான் சரியாக இருக்கும். பஸ் ஓடாத அந்த வாரத்தில் கூலியில் பாதி ஆட்டோவுக்குப் போனது.

பெரியம்மா மகன்தான் எங்களுக்கு கைடு. எங்களைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "மால்ல இன்னாடா பாப்பீங்க, விலைய பாப்பீங்க. நாளைக்கு நான் சொல்ற எடத்துல எறங்குங்க. பீச்சு ரயிலு ஒன்னு போதும்."

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் ஏறி அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டார். தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928-இல் தொடங்கிய சானடோரியத்தால் அந்தப் பெயர். அங்கேதான் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-இல் திறந்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். அண்ணன் அந்தப் பெயரைக் காட்டி, "இன்னிக்கு சாயங்காலம் நீங்க பாக்கப்போற குழு இருக்கே, அதுக்குப் பேரு இவர்ட்ட இருந்துதான் வந்துச்சு" என்றார்.

எங்களுக்கு அதுவரை அயோத்திதாசர் என்றால் ஒரு தபால்தலை. அவர் சித்த மருத்துவர் என்பதும், 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி 1914-இல் சாகும்வரை நடத்தினார் என்பதும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைச் சாதிபேதமற்றவர்களாகப் பதிய வேண்டும் என்று கேட்டவர் என்பதும் அந்த வாசலில் நின்றுதான் தெரிந்தது. நாங்கள் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் எங்களுக்குக் கிடைத்ததில்லை. உள்ளே புறநோயாளிகள் வரிசை நீண்டு கிடந்தது. முட்டிவலி, தோல் நோய் என்று எல்லாச் சாதிக்காரர்களும் அந்தப் பெயரின் கீழ் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து பரங்கிமலை. மலைமேல் இருக்கும் சர்ச்சுக்குத்தான் எல்லோரும் ஏறுவார்கள். நாங்களும் ஏறினோம். மேலே நின்றால் விமானம் இறங்குவது தெரியும். எங்களில் மூன்று பேர் விமானத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் கீழே கையைக் காட்டினார். எம்.சி. ராஜா பிறந்த இடம் இந்தப் பரங்கிமலை. 1883. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் குரலாக உட்கார்ந்தவர். பறையர், பஞ்சமர் என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி ஆதி திராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் 1922-இல் அவர் கொண்டுவந்தது. எங்கள் சாதிச் சான்றிதழில் இருக்கும் அந்த வார்த்தைக்கு ஒரு ஊரும் ஒரு ஆளும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுபடியும் ரயில். கிண்டி தாண்டியதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவோரம் போய் நின்றார். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் ரயில் அடையாற்றைக் கடக்கும். கரையைக் காட்டினார். வெறும் மண், புல், உடைந்த செங்கல்.

"அங்கதான்டா வீடு."

எது என்று கேட்டோம். கை காட்டுவதற்குள் பாலம் முடிந்துவிட்டது. "பொறந்த ஊரை டூர் வந்து பாக்குற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மெரினாவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். அலையில் நனைந்தோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம். ஆனால் பேச்செல்லாம் அந்த ஆற்றங்கரையைப் பற்றித்தான்.

சாயங்காலம் சேத்துப்பட்டில் இறங்கி நடந்தே கீழ்ப்பாக்கம் போனோம். மைதானம் நிறைந்திருந்தது. எங்களைப்போல ஊரிலிருந்து வந்த பையன்கள், குழந்தையைத் தோளில் உட்கார வைத்த அப்பாக்கள், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள், பின்வரிசையில் வெற்றிலை போட்ட பாட்டிகள். மேடையில் பத்தொன்பது பேர். எல்லோரும் கோட்டு சூட்டில். அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டார் என்று நாம் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசுகிறோம். கானா பாடுகிறவனும் சட்டி அடிக்கிறவனும் கோட்டு போட்டு நின்றதைப் பார்த்தபோது அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பறை, சட்டி, கட்ட மோளம். பக்கத்தில் டிரம்ஸ், கிட்டார். இடஒதுக்கீடு பற்றிப் பாடினார்கள். ஆணவக்கொலை பற்றிப் பாடினார்கள். அம்பேத்கரைப் பாடினார்கள். அறிவு ராப் பாடியபோது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். குழுவின் பாடகர்களில் ஒரே பெண் இசைவாணி. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் மேடையில் நின்று பாடியபோது, எங்களோடு வந்த தோழி அதுவரை கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஊர்த் திருவிழாவில் அவள் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. ஊரில் ஆடவும் முடியாது.

ஆனால் எங்களில் ஒருவன் ஆடவில்லை. அவனுடைய நைனா எங்கள் ஊரில் பறையடிக்கிறவர். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் இவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் நைனாவிடம், "இனிமே அதைத் தொட்டா நான் படிக்க மாட்டேன்" என்று சண்டை போட்டவன் இவன். மேடையில் பறையை நெருப்பில் காய்ச்சாமல், மைக் வைத்து, லைட் போட்டு அடித்தபோது, ஆயிரக்கணக்கான பேர் கைதட்டியபோது, இவன் அப்படியே நின்றான். கண் கலங்கியிருந்தது. பெருமையா என்று கேட்டோம். "தெரியல. எங்க நைனாதான் சரியா அடிப்பாரு" என்றான்.

கடைசி ரயிலைப் பிடித்துத் தாம்பரம் வந்தோம். பெரும்பாக்கம் என்றதும் ஆட்டோக்காரர்கள் தலையாட்டினார்கள். "ஹவுசிங் போர்டா? இந்நேரத்துக்கு வர்ல." மூன்றாவது ஆட்டோ மேடவாக்கம் வரைக்கும் ஒத்துக்கொண்டது. மிச்சத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தோம். அண்ணன் மட்டும் பாடவில்லை. "சைதாப்பேட்டைல இருந்திருந்தா பத்து ரூபா டிக்கெட்ல அப்பவே வீட்டுக்குப் போயிருப்போம்" என்றார்.

மறுநாள் காலை நண்பன் நைனாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். மேடை, லைட், கோட்டு, கைதட்டல் எல்லாவற்றையும் சொன்னான். அடுத்தமுறை உன்னையும் கூட்டிப்போகிறேன் என்றான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"அடிச்சவங்களுக்கு கூலி எவ்ளோ குடுத்தாங்க? சோறு எங்க ஒக்கார வெச்சிப் போட்டாங்க?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு சாவுக்கு ஆளுக்கு 500 ரூபாயும் ஒரு குவார்ட்டரும். சோறு களத்து மேட்டோரம், இலையில். அவருடைய கேள்வி அந்த இடத்திலிருந்து வந்தது.

இந்தக் கேள்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. காட்டுமன்னார்கோயில் பகுதியில் இளையபெருமாள் பறையடிக்கும் இழிவை நிறுத்தச் சொல்லிப் போராடினார். பறை நம் கலை, அதை மீட்போம் என்று பின்னால் வந்த கலைக்குழுக்கள் சொன்னார்கள். இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி விடுதியில் விடிய விடிய விவாதம் செய்திருக்கிறோம். இப்போது எங்களுக்குத் தோன்றுவது இது. கட்டாயத்தில் அடிக்கிறவனுக்கு மறுக்கிற உரிமை வேண்டும். விரும்பி அடிக்கிறவனுக்கு மேடையும் கூலியும் பெயரும் வேண்டும். முதலாவது இல்லாத ஊரில் இரண்டாவதை மட்டும் கொண்டாடினால், நாம் கைதட்டுவது பாதிக்குத்தான்.

மேடை கிடைத்தாலும் பெயர் தானாக வந்துவிடாது. 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. எழுதிப் பாடியவர் அதே அறிவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பாட்டைச் சொல்லி வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. நைனாவின் இரண்டாவது கேள்வி எங்களுக்கு அப்போது ஞாபகம் வந்தது. எங்கே உட்கார வைத்தார்கள்?

அந்த டூர் முடிந்து ஊருக்குப் போன பிறகு பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. ஒன்றே ஒன்று நடந்தது. அடுத்த வருடம் ஊர்த் தெருவிலிருந்து ஆள் வந்தபோது நைனா, கூலியை முன்னால் பேசினால்தான் வருவேன், சோறு வேண்டாம் என்றார். இரண்டு மாதம் கூப்பிடவில்லை. பிறகு வெளியூர் செட்டை வைத்துக்கொண்டார்கள். வருமானம் போனது. கட்ட வேலைக்குப் போனார். பறை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஏப்ரல் 14-க்கு மட்டும் இறங்கும். அன்றைக்கு அடிப்பவர் நைனா, ஆடுபவன் அவர் மகன்.

தோழர்களே, விடுமுறைக்குச் சென்னை வந்தால் கச்சேரிக்குப் போங்கள், மெரினாவில் நனையுங்கள், மாலுக்கும் போங்கள், தப்பில்லை. கூடவே தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் ஏறுங்கள். சானடோரியத்தில் இறங்கி அந்தப் பெயரைப் படியுங்கள். கிண்டியில் இறங்கினால் காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கும், 2023 டிசம்பரில் திறந்த அயோத்திதாசருக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் நம் மாணவர் விடுதி இருக்கிறது, அங்கே படிக்கும் தம்பிகளிடம் பேசுங்கள். நடுவில் அடையாறு வரும்போது மட்டும் கதவோரம் நில்லுங்கள். பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அங்கே வீடுகள் இருந்தன.

ஜெய்பீம்.