ஹோப்பி நாட்டு வெள்ளி வேலை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே, அரிஸோனா மாகாணத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரிலிருந்து சுமார் நூறு மைல் மோட்டாரில் சென்றால் ஹோப்பி மக்களின் நாட்டை அடையலாம். வழி நெடுக மரமென்று சொல்லத்தக்கது அரிது. மண்ணும் பாறையும் வானமுமே காட்சி. பின்னர், உச்சி தட்டையான மூன்று குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவற்றின் மேலும் அடிவாரத்திலும் கிராமங்கள் இருக்கின்றன. மூன்றாவது குன்றிலுள்ள ஒராய்பியில் சுமார் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷங்களாக மக்கள் இடைவிடாமல் வசித்து வருகிறார்களாம்.

படம் பிடிக்கலாகாது, சித்திரம் எழுதலாகாது என்று கிராமத்தின் முகப்பிலேயே பலகை நாட்டியிருந்தார்கள். நாமும் காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இக்கட்டுரையுடன் கிராமத்தின் படம் இல்லாத குறையை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாவது குன்றில், வயது முதிர்ந்த வெள்ளி வேலைக்காரர் ஒருவர் நம்மைத் தம் பட்டறைக்குள் அழைத்துச் சென்றார். எந்த தேசம் என்று வினவினார். இந்தியா என்றோம். அவர் நகைத்து, "உங்கள் பெயரைத்தானே எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்!" என்றார். கொலம்பஸ் செய்த பிழைக்காக நாம் என்ன மறுமொழி கூறுவது?

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு கைக்காப்பு. இவ்வேலைக்கு இரண்டு வெள்ளித் தகடுகள் வேண்டும். மேல் தகட்டில் உருவத்தை வரைந்து, சிறு துளையிட்டு, மயிரிழை போன்ற ரம்பத்தை அதனுள் நுழைத்து, கோட்டின்மீதே அறுத்து எடுக்கிறார்கள். ரம்பம் இம்மியளவு விலகினாலும் உருவம் கெட்டது. அறுத்த தகட்டை மற்றொரு முழுத் தகட்டின்மேல் பொருத்திப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார்கள். பற்றாசு மிகுந்தால் பள்ளத்தில் வழிந்துவிடும். குறைந்தால் தகடு பிரிந்துவிடும். பள்ளத்தின் அடியில் சிற்றுளியால் நெருக்கமாகக் கீறல்கள் இடுவது பிற்காலத்து வழக்கம். பிறகு கந்தகச் சேர்க்கையுள்ள திரவத்தால் எல்லாவற்றையும் கறுக்கவைத்து, மேற்பரப்பை மட்டும் தேய்த்து வெளுப்பாக்குகிறார்கள். கறுப்பு பள்ளத்தில் தங்குகிறது. மேகம், மழைத்தாரை, சோளக்கதிர், கரடியின் பாதம் எல்லாம் நிழலும் நிலவும்போல் எழுந்து நிற்கின்றன. பெரும்பாலும் கல் பதிப்பதில்லை.

இது தொன்றுதொட்டு வந்த முறை என்று எண்ணிச் சென்ற நாம் ஏமாந்தோம். ஹோப்பிகளில் முதன்முதல் வெள்ளி வேலை பயின்றவர் சிக்யாதலா என்பவர். 1898-ஆம் வருஷத்தையொட்டி, ஜூனி இனத்தார் ஒருவரிடம் அவர் கற்றார். அதன்பின் நெடுங்காலம் ஹோப்பி நகைக்கும் அயலிலுள்ள நவஹோ நகைக்கும் வேற்றுமை காண்பது கடினமாயிருந்தது. 1938-ஆம் ஆண்டை அடுத்து, பிளாக்ஸ்டாப் பொருட்காட்சிசாலையின் ஸ்தாபகர்களுள் ஒருவரான மேரி ரஸ்ஸல் கோல்ட்டன் அம்மையார், தங்கள் பானைகளிலும் கூடைகளிலும் துணிகளிலும் உள்ள கோலங்களையே வெள்ளியில் அமைக்கும்படி அவர்களைத் தூண்டினார். யுத்தம் குறுக்கிட்டது. யுத்தத்திலிருந்து திரும்பிய ஹோப்பி இளைஞர்களுக்கு 1947-இல் சர்க்கார் உதவியுடன் வகுப்புத் தொடங்கிற்று. பால் சௌப்கி தொழிலையும், ஓவியர் பிரெட் கபோட்டி உருவ அமைப்பையும் போதித்தார்கள். 1949-இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் அமைத்துக்கொண்டார்கள். இந்தக் கபோட்டி 1960-இல் டில்லி உலக விவசாயக் கண்காட்சிக்கு வந்திருந்தவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

அயலார் சொல்லித் தூண்டிய கலை எப்படி ஹோப்பிக் கலையாகும் என்று சிலர் கேட்கிறார்கள். யோசனை அயலாருடையதுதான். மேகத்தைப் படியாக வரைய எந்த அம்மையாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வருஷத்திற்குச் சுமார் பத்து அங்குல மழையை நம்பிச் சோளம் விதைக்கிறவர்களுக்கு மேகம் வெறும் அலங்காரமா?

நாம் வெட்கத்துடன் ஒன்று சொல்ல வேண்டும். வழியில் ஒரு நகரத்துக் கடையில், "ஹோப்பி வேலை" என்ற சீட்டைக் கண்டு மலிவாக ஒரு பதக்கம் வாங்கியிருந்தோம். அதைப் பெருமையோடு அவரிடம் நீட்டினோம். அவர் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒரே வார்ப்பு, இரண்டு தகடு இல்லை. பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருக்கிறது, பாருங்கள். செய்தவன் முத்திரையும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலில் கோபமில்லை, அதுவே நம்மை அதிகமாகச் சுட்டது. ஆதிக்குடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பவருக்கு, முதற் குற்றத்திற்கே ஐந்து வருஷம் வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் விதிக்க 1990-ஆம் வருஷத்துச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் போலிகள் ஓயவில்லை. ரம்பமும் கையுமாக ஒருவர் பல நாள் உழைப்பதை, வார்ப்பு அச்சு ஒரு நாளில் நூறாக உதிர்த்துவிடுகிறதே!

மேகமும் மழையும் அறுத்த காப்பு ஒன்றை அவரிடமே வாங்கினோம். ஊரில் தட்டாரிடம் சேதாரத்துக்கும் கூலிக்கும் அரைநாள் வாதாடும் நாம், அன்று அவர் சொன்ன விலையைப் பேசாமல் எண்ணி வைத்தோம். உட்புறத்தில் தம் முத்திரை இருக்குமிடத்தை விரலால் காட்டிவிட்டு அவர் கேட்டார்: "உங்கள் நாட்டில் இவ்வருஷம் மழை எப்படி?"