வலிக்காத செருப்புக்கடி

மழை விட்ட மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். இடது முழங்காலின் வெளிப்பக்கம் படி விளிம்பில் மோதியது. சித்தூர்ப் பக்கம் யார் விழுந்தாலும் வீட்டில் முதல் பேச்சு புத்தூர்க் கட்டுதான். பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் அந்த ஊருக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. "எலும்பு தப்பிச்சுது, சாமி புண்ணியம்" என்றார் பெரியம்மா. வீக்கம் வடியட்டும் என்று படுத்தே கிடந்ததில் பாதம் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினேன். "தாத்தா, கால்ல ரத்தம்!" என்றாள் பேத்தி. செருப்பின் வார் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருந்தது. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்காததால் இன்னும் இரண்டு நாள் கடத்தினேன்.

திருப்பதியில் நரம்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "திம்மிரி உந்தா?" மரத்துப்போவதற்குத் தெலுங்குச் சொல் அது. நம் 'திமிர்' என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. இன்று அதை ஆணவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். "கட்டைவிரலை மேலே தூக்குங்க" என்றார். தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். விரல் அசையவில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்க எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு போகிறது. அங்கே அதற்குத் தோலைத் தவிரப் பெரிய காப்பு இல்லை. ஓர் அடி போதும். இறுக்கமான கட்டும் போதும். பாதத்தைத் தூக்குவதும், செருப்பு வார் பிடிக்கிற அந்த இடுக்கின் உணர்வும் அதன் பொறுப்பு. நரம்பின் உள்ளிழை அறுந்தால் மறுபடி நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து விரல் வரை 40 சென்டிமீட்டர் என்றால் 400 நாள்.

தொழுநோயும் இதே நரம்பைத் தாக்குவதுண்டு. எங்களுக்குப் பக்கத்து ஊரான வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அந்நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் காயம் மேல் காயம் பட்டே அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். நரம்பு மருத்துவரைப் பார்த்த அன்றிரவு முதல் படுக்கும்முன் பாதத்தை விளக்கில் பார்க்காமல் நான் தூங்குவதில்லை.

பதினான்கு மாதம் ஆகிறது. பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் வைத்த பிளாஸ்டிக் பட்டையை விட்டுவிட்டேன், பாதம் எழுகிறது. விரலிடுக்கில் இன்னும் உணர்வில்லை. திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையின் 3,550 படிகளும், அவற்றில் நடந்து ஏறும் வேண்டுதலும் காத்திருக்கின்றன.

விழுந்தவர்களே, எலும்பு தப்பியதோடு விட்டுவிடாதீர்கள். கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள். முதுகில் அடிபட்டு இரண்டு கால்களும் மரத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.