அலாரம் அடிக்குது சார்!

வகுப்பில் தினமும் 11.30 மணிக்கு என் கைக்கடிகாரம் 'பீப் பீப்' என்று கத்துவதும், நான் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போவதும் உங்களுக்குத் தெரியும். "மாப்ளைக்கு மாத்திரை நேரம்டா" என்று பேசிக்கொள்வீர்கள். மாத்திரை இல்லை நண்பர்களே, சிறுநீர் கழிக்கப் போகிறேன்!

பத்தாம் வகுப்பு விடுமுறையில் மாமரத்திலிருந்து விழுந்தேன். முதுகெலும்பு உடைந்து உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "எப்பப்பா நடப்பே?" என்றுதான் கேட்டார்கள். "ஒண்ணுக்கு எப்படிப் போறே?" என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் என் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

எலக்ட்ரானிக்ஸ் மாணவன் பாஷையில் சொல்கிறேன். மொட்டைமாடித் தொட்டியில் லெவல் சென்சார் வயர் அறுந்துபோனால் என்ன ஆகும்? தொட்டி நிறைந்தது யாருக்கும் தெரியாது. வால்வும் சொன்னபடி திறக்காது. என் சிறுநீர்ப்பை அப்படித்தான். தேங்கினால் கிருமி சேரும், கல் உண்டாகும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பலர் இறந்ததே சிறுநீரகம் கெட்டுத்தான்.

சென்சார் போனால் டைமர் வைக்கவேண்டியதுதானே? 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயை நானே செலுத்தி முழுவதும் வெளியேற்றுகிறேன். ஒரு தடவைக்கு 400 மில்லிக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவிச் சுத்தமான குழாயால் செய்தால் போதும் என்று 1972-ல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் எடுத்துக்காட்டிய முறை இது. கற்றுக்கொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. வெட்கம் போகத்தான் இரண்டு வருடம்!

முதலாமாண்டில் நம் கழிப்பறைக் கதவு 24 அங்குலம், என் நாற்காலி 26 அங்குலம். வெளியே சொல்லக் கூச்சம். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குழாய். விளைவு? ஒரே செமஸ்டரில் மூன்று தடவை குளிர்காய்ச்சல். கணிதத் தேர்வன்று ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அரியர்!

பார்க்க வந்த சிவில் நண்பன் ஒருவனிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "அட லூசு, இதுக்கா காய்ஞ்சு கிடந்தே? ரெண்டு இஞ்ச்தானேடா!" என்றான். மறுநாளே டேப் பிடித்து அளந்து, வரைபடம் போட்டு, மாணவர் பேரவையோடு முதல்வர் அறைக்குப் போய்விட்டான். அந்தக் கோடை விடுமுறையில் கதவு 36 அங்குலமானது. உள்ளே ஒரு கைப்பிடியும் வந்தது.

இப்போது டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறேன். இந்த வருடம் காய்ச்சல் வரவில்லை. உங்களோடு இண்டஸ்ட்ரியல் விசிட்டும் வந்தேன். கால்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது.

கல்விக்கூடங்களின் கட்டிடமும் வசதிகளும் எங்களுக்கும் பயன்படவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. கதவை வரையப்போவது நீங்கள்தான். நாளைக்கு நீங்கள் பிளான் போடும்போது என் 26 அங்குலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பீர்களா?

சொல்ல மறந்துவிட்டேனே, கணித அரியர் பாஸ்! சரி, அலாரம் அடிக்கிறது... வரட்டுமா?