மிச்சப்படும் நீர் யாருக்கு?

வரப்பு உயர வாழ்த்திய ஒளவையின் கதையைப் பத்தாந் தர மாணவருக்குச் சொல்லி முடித்தோம். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் ஒருவரின் மகன் எழுந்தான். “சேர், தண்ணியை வத்தவிட்டுப் பிறகு பாய்ச்சச் சொல்லி அப்பாவுக்குச் சொல்லியிருக்கினம். அப்ப வரப்பு ஏன் உயரவேணும்?”

அன்று எமக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தோம்.

நெல், தாமரையைப் போல நீரிலேயே வாழப் பிறந்ததன்று. தேங்கிய நீரைத் தாங்கவல்ல புல். தண்டிலும் வேரிலுமுள்ள காற்றறைகளே அதற்கு அவ்வலிமையைத் தருகின்றன. தேங்கும் நீர் செய்யும் பெரும் பணி களையை அடக்குவது. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறையில், துளையிட்ட குழாயொன்றை வயலில் பதிப்பர். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்னரே, மீண்டும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் கட்டுவர். இடையிடையே மண்ணுக்குள் காற்றுப் புகுகிறது. விளைச்சல் குன்றாமலே 30 வீதம் வரை நீர் மிஞ்சும் என்பர். ஆனால், நட்ட முதலிரு வாரமும் பூக்கும் பருவமும் விதிவிலக்கு. பூக்கும் வேளையில் நீர் தவறினால் கதிர் பதராகிவிடும்.

இம்முறை எல்லா வயலுக்கும் பொருந்தாது. எமது குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நெல் மாரி மழையை நம்பியே நிற்கிறது. கடலையடுத்த உவர் வயல்களில் தேங்கும் மழைநீரே உப்பைக் கீழே அமுக்குகிறது. அங்கே வயலைக் காயவிட்டால் உப்பு மேலேறிப் பயிரைக் கருக்கும். ஆகவே வரப்பு உயரத்தான் வேண்டும். எப்போது நீரைக் கட்டுவது, எப்போது வற்றவிடுவது என்ற அறிவும் அதனோடு உயரவேண்டும்.

அம்மாணவனின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. மிச்சப்படும் நீர் யாருக்கு? இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டுவர 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு திட்டம் வந்தபோது, கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். அவர்களைத் தன்னலக்காரர் என்று எம்மவர் சிலர் ஏசியதை நாமும் கேட்டு, வாளாவிருந்தோம். சிறுபோகத்துக்குக் குளத்தில் உள்ள நீரின் அளவுக்கே காணி பங்கிடப்படும் வாழ்க்கையை நாம் அறியோம். பின்னர் அத்திட்டம் மாறியது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

பிறருக்குச் சிக்கனம் போதிக்கும் நாம் எமது கிணற்றை எட்டிப் பார்த்தோமா? சுண்ணக்கல்லின் அடியில், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாய் மிதக்கும் நன்னீரே எமது முதுசொம். துலா மிதித்த பாட்டன், உடல் தாங்கும் அளவுக்கே இறைத்தான். இயந்திரத்துக்குக் களைப்பில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தின் நைத்திரேற்றோ கிணற்றில் இறங்கியிருக்கிறது.

உழவன் மிச்சப்படுத்தும் நீரில் முதற் பங்கு அவனுடைய அடுத்த போகத்துக்கே உரியது. எஞ்சியதைக் கேட்க நாம் விரும்பினால், எமது வாய்க்காலின் ஒழுக்கை முதலில் அடைக்கவேண்டும்.

மறுவாரம் அம்மாணவனிடம் இதைச் சொன்னோம். “அப்பாவிட்டயும் சொல்லுறன், சேர்” என்றான்.