காசிமேட்டு மணலும் கைக் காமிராவும்

கைப்பேசியே படம் பிடிக்கும் இந்நாளில், பீரோவில் நெடுநாள் உறங்கிய சிறு டிஜிட்டல் காமிராவை எடுத்துக்கொண்டு வடசென்னைக் கடற்கரைக்குக் கிளம்பினோம். தூரத்துப் படகைக் கண்ணாடி வில்லையினாலேயே அருகில் கொணரும் சக்தி அதற்கு உண்டு என்பது நமது சமாதானம்.

ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு குறையும் நேரவில்லை. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி புறப்பட்ட இடமல்லவா? அதன் உயர்ந்த தூண்கள் படத்தில் கம்பீரமாகவே விழுந்தன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்தான் வந்தது வினை. விசைப் படகுகளை நோக்கிக் காமிராவைத் திருப்பியபோது, காற்று ஒரு பிடி மணலை வாரி இறைத்தது. பாதி வெளிவந்த வில்லைக் குழாய் 'கறகற'வென்று முனகி நின்றுவிட்டது. அதைப் பலங்கொண்ட மட்டும் உள்ளே அழுத்தப் போனோம்.

"அமுக்காதீங்க சார், பல்லு ஒடைஞ்சிடும்!" என்று தடுத்தார், பக்கத்தில் படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அக்குழாய்களை நகர்த்துபவை ஒரு சின்னஞ்சிறு மோட்டாரும் பல்சக்கரங்களுமே. ஒரு மணல் துகள் போதும், அவை சிக்கிக்கொள்ள. காமிராவை நிறுத்திப் பாட்டரியைக் கழற்றினோம். வில்லையைத் தரை நோக்கிக் கவிழ்த்து, ரப்பர்க் குமிழால் இடுக்கைச் சுற்றிலும் காற்றடித்தோம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகுமாதலால் அதைத் தவிர்த்தோம். பிறகு முழு மின்சாரம் ஏறிய வேறு பாட்டரியை இட்டதும் குழாய் சுகமாக அசைந்தது. மெக்கானிக் புன்னகை புரிந்தார்.

திருவொற்றியூர்த் தியாகராஜர் கோவில் கோபுரத்தைத் தரிசித்துவிட்டு எண்ணூர் சேர்ந்தோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் அது. அனல் மின் நிலையச் சாம்பல் பல காலமாகப் படிந்த நீர்நிலை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அதில் பரவியது. சாம்பல் படிந்த கரையைப் படம் பிடிக்கையில், வலையைச் சீர்செய்திருந்த முதியவர் ஒருவர் கேட்டார்:

"தேதி வுளுதா சார் அதுல? எண்ணெ வந்தப்போ எத்தினியோ பேரு படம் புடிச்சாங்க. என்னைக்கின்னு தெரியாத படம் எந்த அதிகாரி கையில குடுத்தா எடுபடும்?"

திடுக்கிட்டுப் பார்த்தோம். காமிராவோ 2010-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி என்று சாதித்தது! பெரிய பாட்டரியைக் கழற்றும்போது கடிகாரத்தைக் காப்பது உள்ளிருக்கும் ஒரு சிறு மின்கலம். மாதக்கணக்காகப் பீரோவில் கிடந்ததில் அது சக்தியற்றுப் போயிருந்தது. ஆகவே காசிமேட்டில் நாம் செய்த வைத்தியமே தேதியை விழுங்கிவிட்டது.

நாளையும் மணியையும் திருத்தி, அந்தக் கரையை மறுபடி படம் பிடித்தோம். இப்பொழுதெல்லாம் மாதம் ஒரு முறை பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக் காமிராவில் இட்டு வைக்கிறோம்; வெளியே புறப்படுமுன் முதலில் தேதியைப் பார்க்கிறோம். தேதி பிழையான படம் நமக்கு வெறும் ஞாபகப் பிசகு. எண்ணூர்க்காரருக்கோ அது இழந்துபோன சாட்சி.