ஹம்மாமில் கேட்ட அறிவுரை

துருக்கியின் இஸ்தான்புல் நகரில், பயணியரை ஈர்ப்பவற்றுள் ஹம்மாம் எனும் நீராவிக் குளியல் இல்லங்களும் உண்டு. நூர்பானு சுல்தான் கட்டுவித்து, மீமார் சினான் வடிவமைத்து, 1584இல் எழுந்த செம்பர்லிதாஷ் ஹம்மாம் அவற்றுள் புகழ்பெற்றது.

நான் சென்றது ஒரு சிறிய மகளிர் ஹம்மாம். சூடான சலவைக்கல் மேடையில் படுத்திருந்தபோது தோல் இளகியது. பணிபுரியும் மூதாட்டி 'கெஸே' எனும் சொரசொரப்பான கையுறையால் தேய்க்க, அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய 'ஆதா' எனும் பாகினால் உடனே முடியையும் நீக்கிவிடுமாறு கேட்டேன்.

"வேண்டாம், மகளே! தேய்த்த தோல் இளந்தளிர் போன்றது. இரண்டு நாள் கழித்து வா" என்றார் அவர். உடன் வந்த தோழி மொழிபெயர்த்துச் சொன்னபோது என் நெஞ்சம் சுருக்கென்றது. எங்கள் ஊரில் என் தங்கை மகள், நிக்காஹ்வுக்கு முந்தைய நாள் காலையில் தேய்த்துக் குளித்து, மாலையில் மெழுகிட்டுக்கொண்டாள். சிவந்து தடித்த கைகளுடன்தான் மணமேடை ஏறினாள்.

சகோதரிகளே! தேய்த்துக் குளிப்பதை ஓரிரு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அன்றைய தினம் எண்ணெய், கிரீம் பூசாதீர்கள். முடி ஓர் அரிசியின் நீளமேனும் வளர்ந்திருக்கட்டும். புண்ணோ தடிப்போ இருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு மருந்து பயன்படுத்துவோர் மருத்துவரைக் கேளாமல் மெழுகிட வேண்டாம்.